விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை

என் மகளுக்கு வெளிநாடு போக விருப்பமில்லை என்று அரசாங்கம் எனக்கு எழுத்து மூலம் தெரிவித்தபோது அவளுக்கு ஒரு பல்கூட முளைத்திருக்கவில்லை. விருப்பமில்லை என்பதோடு விட்டார்களா என்றால் அதுவும் கிடையாது. 'இனி இது தொடர்பாக விண்ணப்பதாரரை வற்புறுத்த வேண்டாம்' என்று கடைசியில் எனக்கு ஒரு கண்டிப்பு வேறு. விண்ணப்பதாரர் அந்த நேரம் என் மடியில் உட்கார்ந்து அதே கடிதத்தின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தார்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்கிறவன். எந்த மெஷினும் காரணம் இல்லாமல் நின்றுபோகாது என்று நம்பி வாழ்ந்தவன். குழந்தைகள் கடவுச்சீட்டுப் பிரிவின் வாசலை மிதிக்கிற வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு உலகத்தில் ஒரே ஒரு அக்கா. அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டவள். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். வெகுகாலம் குழந்தை இல்லை. விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, எல்லாரும் கேட்பதையே மறந்துபோன பிறகு, இப்போது மாசமாக இருந்தாள். டாக்டர் படுத்த படுக்கையாகவே இருக்கச் சொல்லிவிட்டார். அவள் போனில், "வர முடிஞ்சா வா, இல்லாட்டி பரவாயில்லடி" என்றாள். போனை வைத்ததும் என் மனைவி பொலபொலவென்று அழுதாள்.

"அதான் பரவாயில்லன்னுட்டாங்களே" என்றேன்.

"அக்கா பரவாயில்லன்னு சொன்னா பயந்துபோயிருக்கான்னு அர்த்தம். பிரசவத்துக்கு நான் பக்கத்துல இருந்தாகணும்."

எங்கள் இரண்டு பேரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. பூசணியிடம்தான் இல்லை. பூசணி என்பது எங்கள் மகள். பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். தாய்ப்பாலைத் தவிர வேறொன்றைத் திரும்பிப் பார்க்காத பிள்ளை, விட்டுவிட்டுப் போக வழியே இல்லை. பூசணிக்குப் பாஸ்போர்ட் வந்தால் என் மனைவி அக்காவிடம் போகலாம், வராவிட்டால் போக முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

"குழந்தைக்குத்தானே, சட்டுன்னு குடுத்துடுவாங்க" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை என் மனைவி இன்றைக்கும் நேரம் பார்த்து எனக்குச் சொல்லிக் காட்டுவாள்.

முதலில் போட்டோ. விதிகளை ஸ்டூடியோ சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். குழந்தை சிரிக்கக் கூடாது. அழவும் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், தலை சாயக் கூடாது, பிடித்திருப்பவர் கை படத்தில் வரவே கூடாது. உட்கார வைத்தால் மூட்டை மாதிரிச் சரிகிற பிள்ளை அப்போது. வளர்ந்த ஆள் எனக்கே இத்தனையும் ஒரே நேரத்தில் வராது.

போட்டோக்காரர் தொழிலில் பழுத்தவர். என் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளைத் துணியைப் போர்த்தி, மடியில் பூசணியை வைத்தார். "இப்ப அம்மா சுவர் மாதிரிதான் தெரிவாங்க" என்றார். சுவர் மூச்சுவிட்டது. பூசணி திரும்பிப் பார்த்து வீல் என்று அலறினாள். அலறலை நிறுத்த நான் கேமராவுக்குப் பின்னால் நின்று குதித்தேன். கெக்கெக்கென்று சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முறைத்தேன். மறுபடி அலறினாள். போட்டோக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

திடீரென்று பூசணி எல்லாவற்றையும் நிறுத்தினாள். வாய் இறுக மூடியது. பார்வை நேராக நிலைகுத்தியது. முகம் லேசாகச் சிவந்து, நாட்டுப் பொறுப்பெல்லாம் தன் தலையில் இருப்பது போல ஒரு கம்பீரம் வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அது என்ன முகம் என்று தெரியும். துணிக்குள்ளிருந்து என் மனைவி, "ஐயையோ, போறா!" என்றாள்.

"அசையாதீங்க மேடம்! இதுதான் முகம்!" என்று போட்டோக்காரர் பாய்ந்து எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தைப் பிறகு அலுவலகத்தில் பார்த்த அத்தனை பேரும் பாராட்டினார்கள். "நல்ல பொறுப்பான முகம்" என்றார் ஒருவர். அங்கே எல்லாருமே அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

அலுவலகத்தில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் முன்னால் தரையோடு திருகி வைத்த ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. எங்களுக்கு விழுந்த ஜன்னலில் ஒரு நடுத்தர வயது அம்மா இருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசுகிற கலை கைவந்தவர்.

"விண்ணப்பதாரர் உக்காரலாம். கூட வந்தவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"மேடம், அவ கைக்குழந்தை..."

"அவங்க" என்று திருத்தினார். "விண்ணப்பதாரரை அவ இவன்னு இங்க யாரும் பேசக் கூடாது."

விண்ணப்பதாரரை நாற்காலியில் வைத்தோம். விண்ணப்பதாரர் சறுக்கிக்கொண்டு கீழே வந்தார். தாவிப் பிடித்தேன். காவலாளி விசில் ஊதினார்.

"விண்ணப்பதாரர் விழுந்தா அவங்க பொறுப்பு. நீங்க கோட்டைத் தாண்டினா உங்க பொறுப்பு" என்று ஜன்னல் அம்மா விளக்கம் சொன்னார். கடைசியில் அவரே பெரிய மனசு பண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற துணைச் சாதனங்களுக்கு அனுமதி உண்டாம். பெற்ற தாயைத் துணைச் சாதனம் என்று பதிந்துகொண்டு, விண்ணப்பதாரரை மடியில் வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

"தொழில்?"

"ஃபிரிட்ஜ் ரிப்பேர்" என்றேன் கோட்டுக்குப் பின்னாலிருந்து.

"உங்களைக் கேக்கல. அவங்க தொழில்."

"பால் குடிக்கிறா... குடிக்கிறாங்க."

"சுயதொழில்" என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். "இந்த முகவரிக்கு முன்னாடி எங்க இருந்தாங்க? அஞ்சு வருஷத்துக்குக் காட்டணும்."

"பொறந்ததுலேருந்து இதே வீடுதான் மேடம்."

"பொறக்கறதுக்கு முன்னாடி?"

என் மனைவி மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். யார் எதை எப்படிக் கேட்டாலும் முகம் மாறாமல் பதில் சொல்லிப் பழகியவள். "என் வயித்துல" என்றாள்.

"வாடகையா, சொந்தமா?"

"சொந்தம்."

"அந்த முகவரியில இப்ப யாராவது குடியிருக்காங்களா?"

"இல்லைங்க, காலி."

"காலின்னா டாக்டர்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, வேற யாரும் இல்லன்னு." அதற்கும் முந்தைய காலத்துக்கு என்ன செய்வது என்று ஜன்னல் அம்மாவே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'முகவரி அறியப்படவில்லை' என்று போட்டுவிட்டு, "இதுக்காகத் தனியா ஒரு விசாரணை வரும், பயப்படாதீங்க" என்றார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, வைத்த பிஸ்கட்டில் ஒன்றைக்கூட விடாமல் தின்றுகொண்டே வேலையைத் தொடங்கினார். விண்ணப்பதாரரின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும் என்றார். மாடி வீட்டில் இருக்கும் தையல்கார அம்மா நிறுத்தி நிறுத்திப் பேசத் தெரியாதவர். பூசணி என்றால் அவருக்கு உயிர்.

"அந்தப் போக்கிரியா? ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! மூக்குக் கண்ணாடியைப் பறிக்காம விடாது. தோட்டைப் பிடிச்சு இழுக்கும். சரியான திருட்டுக் கழுதை! ராத்திரியில எங்க யாரையும் தூங்க விடாது. அது மூஞ்சியைப் பார்க்காட்டி எனக்குச் சோறு இறங்காது."

விசாரணைக்காரர் பேனாவை மூடாமல் எழுதினார். "இதுக்கெல்லாம் எங்கயாவது புகார் குடுத்திருக்கீங்களா?"

"புகாரா? முத்தம்தான் குடுத்திருக்கேன்."

அதை எழுதவில்லை. திரும்பி வந்து விண்ணப்பதாரரை நேரில் விசாரிக்கலாம் என்று பார்த்தால் விண்ணப்பதாரரைக் காணோம். அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். கட்டிலுக்கு அடியில் போய் ஒரு சாக்ஸோடு கிடந்தாள். விசாரணைக்காரர் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, அரசாங்கத் தொனியில் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தார். அறிக்கையின் நகல் பிறகு எங்களுக்கும் வந்தது: 'நகைப் பறிப்பு, கண்ணாடிப் பறிப்பு, இரவில் அமைதிக் குலைவு ஆகியவை குறித்து வாய்மொழிக் குற்றச்சாட்டு உண்டு. விசாரணையின்போது பதுங்கினார். இருப்பினும் பேச்சுக் கொடுத்ததில் புன்னகைத்தார். பாதகமில்லை.'

அந்த 'பாதகமில்லை' வந்த அன்றைக்கு என் மனைவி பெட்டியை எடுத்துத் தூசு தட்டி வைத்தாள். அக்காவுக்குப் போன் போட்டு, "வந்துட்டே இருக்கேன்" என்றாள். முந்திரிக்கொட்டைத்தனம் செய்யாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், என்னத்தைச் சொல்ல!

அடுத்து 'விருப்பம் அறியும் அறை'க்கு வரச் சொல்லி ஆணை வந்தது. அங்கே இருந்த விருப்ப அதிகாரி மடிப்புக் கலையாத சட்டையும் டையுமாக, பேசும்போது விரல்நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொள்கிறவர். எங்களை உட்காரச் சொல்லாமல் அன்போடு விளக்கினார்.

"எப்பவோ ஒரு காலத்துல ஒரு குழந்தையை யாரோ அதோட இஷ்டமில்லாம கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுலேருந்து ஒவ்வொரு குழந்தையையும் தனியா வச்சு, போக விருப்பமான்னு நாங்க கேக்கறோம். பெத்தவங்க பக்கத்துல இருக்கக் கூடாது."

"நல்ல ஏற்பாடு சார். ஆனா பேசத் தெரிஞ்ச குழந்தையைத்தானே கேக்கணும்?"

அவர் முகத்தில் வேதனை படர்ந்தது. "பேசத் தெரியலைங்கறதுக்காக ஒருத்தரோட உரிமையைப் பறிச்சிடலாமா? நீங்களே இப்படிச் சொல்லலாமா? ஒரு தகப்பன் பேசற பேச்சா இது?"

ஒரு கணம் எனக்கே வெட்கமாகிவிட்டது. பூசணியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே அவர் பூசணியை மேசைமேல் மெத்தை போட்டு வைத்து, எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். பூசணி தன் வலது காலைப் பிடித்தாள். மறுபடி கேட்டார். காலை வாய்க்குக் கொண்டுபோனாள். மூன்றாம் முறை எழுந்து நின்று கேட்டார். கட்டைவிரல் முழுக்க வாய்க்குள் போய்விட்டது. அவர் தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"மன்னிக்கணும். மறுத்துட்டாங்க" என்றார் வெளியே வந்து.

"அவ எங்க சார் மறுத்தா? கால் விரலை வாயில வச்சிருந்தா!"

"பயணத்துக்கு ஆதாரமே கால்தான். அதை எடுத்து வாயில வச்சு மூடிட்டாங்க. என் சர்வீஸ்ல இதைவிடத் தெளிவான மறுப்பை நான் பார்த்ததில்லை."

அந்த மறுப்புதான் கடிதமாக வீட்டுக்கு வந்தது. அதே வாரம் சகலை, அதாவது அக்காவின் கணவர், போன் செய்தார். நாள் முன்கூட்டியே வந்துவிடும் போலிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறாராம். அக்கா போனை வாங்கி, "என்னடி, குட்டி மறுத்துட்டாளாமே?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. என் மனைவி அன்றைக்கு முழுக்க மருந்துக்கடைக்கும் போகாமல் பூசணியை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு யாருடைய கழுத்தைப் பிடிப்பது என்று தெரியாத எரிச்சல். பிடிக்கலாம் என்று பார்த்தால் எல்லாக் கழுத்தும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

மேல்முறையீடு செய்தேன். விசாரணை நாளில் போய்ப் பார்த்தால் அறை வாசலில் பலகையில் என் பெயரும் என் மகள் பெயரும், நடுவில் 'எதிர்' என்ற சொல்லும் இருந்தன. விண்ணப்பதாரர் எடுத்த முடிவை நான் எதிர்ப்பதால், நானும் என் மகளும் எதிரெதிர்த் தரப்பாம். என் மனைவியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்டேன். பெண்களை ஒதுக்கக் கூடாது என்பதால் அவளும் எதிர்த் தரப்புதான் என்றார் காவலாளி.

பூசணிக்காக வாதாட அலுவலகமே ஒரு நலக் காப்பாளரை நியமித்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர், கல்யாணமாகாதவர். ஒழுகுகிற டப்பாவைத் தூக்குவது போலப் பூசணியை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். நடுவில் உயர்ந்த நாற்காலியில் மேலதிகாரி. வழுக்கையும் பளபளப்பு, மேசையும் பளபளப்பு.

"என் தரப்பு ஏற்கெனவே தெரிவிச்ச கருத்துல உறுதியா இருக்காங்க ஐயா" என்றார் காப்பாளர். பூசணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். அந்த வாரம்தான் முதல் பல் வெளியே எட்டிப் பார்த்திருந்தது. "ஸ்ஸ்... ரொம்ப உறுதியா இருக்காங்க."

"ஐயா" என்றேன். "அக்காவுக்குப் பிரசவம். இவ கூடவே இருந்தாகணும். குழந்தையை விட்டுட்டுப் போக முடியாது. தயவு பண்ணுங்க."

மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பேசுவதென்றால் பிடிக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி, நான் இந்தப் பிரிவுக்கு வந்த பிறகு ஒரு குழந்தைகூட விருப்பமில்லாம வெளிநாடு போனதில்ல. விருப்பத்தோடவும் போனதில்ல. பாதுகாப்புன்னா அப்படி இருக்கணும்! மத்த நாட்டுலேருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. அவங்க குழந்தைங்களும் கூட வந்திருந்தாங்க. திரும்பிப் போக அனுமதிக்கலாமான்னு இன்னும் பரிசீலிச்சிட்டிருக்கோம்." தண்ணீர் குடித்தார். "அவசரம்னு நீங்க சொல்றீங்க. ஆனா அவசரம் உங்களுக்குத்தான், விண்ணப்பதாரருக்கு இல்ல. அவங்க யோசிக்க நான் ஒரு மாசம் அவகாசம் தர்றேன்."

ஒரு மாதம் கழித்துப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? அந்த நேரம் பார்த்துப் பூசணி சிணுங்கத் தொடங்கினாள். காலையிலிருந்து காத்திருந்ததில் பால் குடிக்கிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. என் மனைவி கையை நீட்டிக்கொண்டு எழுந்தாள். காவலாளி குறுக்கே வந்தார்.

"பால் குடுக்கணும்" என்றாள்.

"எதிர்த் தரப்பு விண்ணப்பதாரருக்குப் பால் குடுக்கறதா?" மேலதிகாரி அதிர்ந்துபோனார். "என்னம்மா இது! சலுகை காட்டி மனசை மாத்தறதுக்கு வேற பேர் இருக்கு. முடிவு வர்ற வரைக்கும் அதெல்லாம் கூடவே கூடாது."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் முகத்தில் மருந்துக்கடை முகம் வந்திருந்தது.

"புரியுதுங்க சார். அப்ப குளிப்பாட்டறது?"

"கூடாது."

"தூங்க வைக்கிறது?"

"எல்லாமே தாக்கம்தான்."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு மாசமும் எங்க தாக்கத்துலதான் இருப்பாங்க. அது ரொம்பத் தப்பு சார்." தோளில் இருந்த பையைக் கழற்றி அந்தப் பளபளப்பு மேசைமேல் வைத்தாள். "இதுல மாத்துத் துணி இருக்கு. இது பவுடர். தூங்க வைக்கும்போது இடுப்புல தட்டணும், முதுகுல தட்டினா எழுந்துடுவாங்க. ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் துணி மாத்த முடியும், உதைப்பாங்க. பதில் கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க, வெளியில இருக்கோம்."

மேலதிகாரி பெருமையோடு தலையாட்டினார். "இந்த மாதிரி ஒத்துழைப்பு எல்லாப் பெத்தவங்களும் குடுத்தா நல்லா இருக்கும்."

வெளியே மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். "ஏய், என்ன காரியம் பண்றே நீ?" என்றேன்.

"அவங்க சொன்னபடி நடக்கறேன்" என்றாள். குரல்தான் நிதானமாக இருந்தது. என் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முதலில் சிணுங்கல். பிறகு அழுகை. பிறகு பூசணிக்கே உரிய அந்தப் பெரிய அழுகை, தையல்கார அம்மாவை மாடியில் எழுப்பிவிடுகிற அழுகை, கதவைத் தாண்டி வந்து கூடத்தில் நின்றது. ஜன்னல்களில் எல்லாருடைய கையும் ஓய்ந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகத்தான் அவளுக்கு இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குச் சொன்னாளா மகளுக்குச் சொன்னாளா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. "விண்ணப்பதாரர் அமைதி காக்க வேண்டும்" என்று மேலதிகாரி ஆணையிட்டார். அமைதி காக்கவில்லை. காப்பாளர் முதுகில் தட்டினார். சுருதி ஏறியது. விருப்ப அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து என்ன வேண்டும் என்று முறைப்படி கேட்க, பூசணி அவர் டையைப் பிடித்துத் தொங்கினாள். ரப்பர் முத்திரையைக் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கி மேலதிகாரியின் வழுக்கையில் ஒரு போடு போட்டாள். 'நகல்' என்று அழகாகப் பதிந்தது. மேசைமேல் கிடத்திப் பார்த்தார்கள். அதற்காகவே காத்திருந்தவள் போல மேசையை நனைத்தாள். நிலுவைக் கோப்புகள் இருந்த பக்கமாகத்தான் அது ஓடியது. கையில் அகப்பட்டதை எடுத்துத் துடைத்தார்கள், அதுவும் கோப்புதான்.

கொஞ்ச நேரத்தில் 'விண்ணப்பதாரர் அவர்கள்' போய் 'பாப்பா' வந்தது. அப்புறம் 'செல்லம்', 'கண்ணு', 'ராசாத்தி'. மேலதிகாரி முட்டிபோட்டு உட்கார்ந்து, "என் தங்கமில்ல, என் தாயில்ல" என்று கெஞ்சுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். காவலாளி விசில் ஊதி விளையாட்டுக் காட்டினார். விசிலைவிடப் பூசணிக்குத் தொண்டை பெரியது.

ஜன்னல் அம்மாதான் முதலில் எழுந்தார். தன் ஜன்னலைச் சாத்திவிட்டு, விடுவிடுவென்று நடந்து போய், கதவைப் படாரென்று திறந்தார். "அவளுக்குப் பசிக்குதுய்யா! ஒருத்தருக்காவது கண்ணு தெரியுதா? பெத்தவளை வெளியில உக்கார வச்சுட்டு என்ன கூத்து இது?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு நொடி பூசணியே நிறுத்திக் கேட்டாள்.

மேலதிகாரி வெளியே ஓடி வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"அம்மா, விண்ணப்பதாரர் தன் விருப்பத்தைத் தெரிவிச்சிட்டாங்க. தெளிவா, திரும்பத் திரும்ப, எல்லார் முன்னாடியும். போயே தீரணுமாம்!"

"அவசரப்படாதீங்க சார்" என்றாள் என் மனைவி. "யோசிக்க ஒரு மாசம் குடுத்திருக்கீங்களே."

"யோசிச்சாச்சு! ரொம்பத் தீர்மானமா இருக்காங்க!"

"ஆனா பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் நான் எதிர்த் தரப்புதானே சார். தொட்டா தப்பாயிடும்."

"அச்சடிக்கச் சொல்லிட்டேன்மா! இதோ ஓடிட்டிருக்கு!"

பாஸ்போர்ட் அச்சடிக்கிற மெஷின் பழுதாகிக் கிடப்பதாகத்தான் இத்தனை நாளும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் தொழில்காரன், சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு பழுதும் இல்லை. பூசணி அடுத்த மூச்சு எடுப்பதற்குள் பாஸ்போர்ட் சுடச்சுட வந்து விழுந்தது. அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் மகளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் என் மனைவி. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்குக் கண்ணீராக வந்தது. ஜன்னல் அம்மா எல்லா ஆண்களையும் வெளியே துரத்தி, கதவைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டு, மேலதிகாரியின் உயர்ந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். உள்ளே அமைதியானது. வெளியே அத்தனை அதிகாரிகளும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னோடு வரிசையில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்காவுக்கு வலி எடுத்தபோது என் மனைவி உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆண் குழந்தை. சத்தத்தில் பூசணிக்குச் சளைத்தவன் இல்லை. அக்கா தங்கை இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து நர்ஸும் மூக்கை உறிஞ்சினாள். நான் பூசணியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

சகலை பின்னாலேயே வந்தார். பெற்ற சந்தோஷம் முகத்தில் வழிந்தது, ஆனாலும் கவலைப்படுகிற மனிதர்.

"பையனுக்கும் நம்ம ஊர் பாஸ்போர்ட்தான் எடுக்கணும் சகலை. அந்த ஆபீஸோட கிளை இங்கயும் ஒண்ணு இருக்கு. குழந்தையைத் தனியா வச்சு விருப்பமான்னு கேப்பாங்களாமே? ரொம்ப இழுத்தடிப்பாங்களா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல சகலை" என்றேன். "பசி நேரமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க."